கட்டிடம் கட்டுவதும் காப்பதும்



நீங்கள் எழுதும் கடிதங்கள் ஒவ்வொன்றையும் நன்றியோடு வாசித்து வருகிறோம். அண்மையில் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பழைய ஆண்கள் வார்டின் கூரை ஒழுகுகிறதே, அதை இடித்துவிட்டுக் குளிர்சாதன வசதியுடன் மூன்று மாடிக் கட்டிடம் கட்டலாமே, எங்கள் சபையில் காணிக்கை சேர்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறோமே, நிர்வாகக் குழு ஏன் தயங்குகிறது?" என்று கேட்கிறீர்கள். அன்போடு கேட்கப்பட்ட கேள்வி இது. இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. ஆகவே இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உவமை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாம் பெரும்பாலும் கட்டி முடிக்கும் வரைக்குமான செலவைத்தான் கணக்குப் பார்க்கிறோம். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிடம் ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிற்கிறது. அத்தனை ஆண்டுகளும் அதற்கு மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சுண்ணாம்பும் பெயிண்டும் வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் கட்டிய செலவையே மிஞ்சிவிடும். திறப்பு விழா நாளில் ரிப்பன் வெட்டும்போது செலவு முடிவதில்லை. உண்மையில் அன்றுதான் அது தொடங்குகிறது.

எங்கள் வளாகத்தில் இரண்டு கட்டிடங்கள்

ஒன்று, நீங்கள் இடிக்கச் சொல்லும் பழைய வார்டு. ஒன்றரை அடி அகலமுள்ள செங்கல் சுவர், சுண்ணாம்புக் கலவை, ஓட்டுக் கூரை, இரு பக்கமும் தாழ்வாரம். எதிரெதிராக ஆளுயர ஜன்னல்கள். மேலே சுவரும் கூரையும் சேருமிடத்தில் வெப்பக் காற்று வெளியேறச் சிறு திறப்புகள். மின்விசிறி வருவதற்கு முன்பே கட்டியது. மே மாதத்து மத்தியானத்திலும் அதற்குள் நுழைந்தால் மரத்தடிக்கு வந்ததுபோல் இருக்கும்.

மற்றது, தாய்-சேய் நலப் பிரிவுக்காக நாங்களே பிற்காலத்தில் கட்டிய மாடிக் கட்டிடம். அதைக் கட்டும்போது படுக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் எங்கள் எண்ணமாக இருந்தது. இடம் போகிறதென்று தாழ்வாரத்தை எடுத்துவிட்டோம். இன்னொரு தளம் கிடைக்கும் என்று உயரத்தைக் குறைத்தோம். செலவைக் குறைக்க மேல்தளத்தின் மீது ஓடு பதிக்காமல் வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்தினோம். கட்டிய வரையில் நிச்சயமாகப் பணம் மிச்சமாயிற்று. ஆனால் முதல் கோடையிலேயே, பிரசவித்த தாய்மார் இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்ததை நர்ஸுகள் எங்களிடம் சொன்னார்கள். உள்ளே மின்விசிறி சுழன்றாலும் அனல்தான் இறங்கிற்று. அந்தத் தவறு முழுக்க எங்களுடையது. இன்னொரு முறை அதைச் செய்யக் கூடாது என்பதுதான் எங்கள் தயக்கத்துக்கு முதல் காரணம்.

மேல்மாடியும் பச்சிளங் குழந்தையும்

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிறது. சூரியன் மறைந்த பிறகு அந்த வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறது. ஆகையால் மேல்தளத்து அறை இரவு பத்து மணிக்கும் தணிவதில்லை. பெரியவர்கள் எழுந்து வெளியே போகலாம். தண்ணீர் குடிக்கலாம். பிறந்து இரண்டு நாளான குழந்தையால் அது முடியாது. தன் உடல் வெப்பத்தைச் சமன் செய்துகொள்ளும் ஆற்றலும் அதற்கு இன்னும் முழுதாக வந்திருப்பதில்லை.

இது வெறும் அசௌகரியம் அல்ல என்பதற்கு அகமதாபாத் நகரமே சாட்சி. 2010 மே மாதத்தில் அங்கே கடும் வெப்ப அலை வீசிற்று. வழக்கமாக அம்மாதத்தில் நேரும் மரணங்களைவிட 1,300க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாக நேர்ந்தன என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்நகரின் பொது மருத்துவமனை ஒன்றில், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகள் 43 சதவீதம் அதிகரித்தனர் என்பது ஒரு முடிவு. இன்னொரு முடிவு எங்களை வெட்கப்பட வைத்தது. அந்த மருத்துவமனையில் பிரசவ வார்டு முதலில் மேல்தளத்தில் இருந்தது. அந்தக் கோடைக்குப் பின் அதைக் கீழ்த்தளம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தோடு, வெப்பத்தால் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 64 சதவீதம் குறைந்ததாக ஆய்வு கூறுகிறது.

புதிய கருவி ஒன்றும் வாங்கவில்லை. கட்டிலை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான். கட்டிட நிர்வாகம் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது பல வேளைகளில் இவ்வளவு எளிமையான காரியம்தான். எந்த அறை யாருக்கு ஏற்றது என்று யோசித்துப் பார்ப்பதே அது.

இதை வாசித்தபின் நாங்களும் செய்தோம். கீழ்த்தளத்தில் இருந்த கணக்குப் பிரிவும் பதிவேட்டு அறையும் மாடிக்குப் போயின. தாய்மாரும் குழந்தைகளும் கீழே வந்தார்கள். கணக்கர்கள் கோடையில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள்.

மாடித் தளத்துக்கும் மருந்து இருக்கிறது. நம் முன்னோர் மெட்ராஸ் டெரஸ் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது காப்பாயிற்று. அப்படிச் செய்ய இயலாத இடத்தில் தளத்துக்கு வெள்ளையடித்தாலே வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். வெறும் சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சும் வெள்ளை ஓடும் நீண்ட நாள் தாங்கும். தெலங்கானா அரசு 2023இல் இத்தகைய குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

ஜன்னல் என்னும் மருந்து

இனி அந்தப் பழைய ஆண்கள் வார்டுக்கு வருவோம். அதில் காசநோயாளிகளும் நெஞ்சுச் சளி நோயாளிகளும் தங்குகிறார்கள். காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. ஒருவர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும், மருந்து கொடுக்க வரும் நர்ஸுக்கும், சோறு கொண்டுவரும் மனைவிக்கும் அதே காற்றுதான். ஆகவே அறையின் காற்று எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது மருந்து மாத்திரைக்குச் சமமான காரியம்.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், லிமா நகரின் 8 மருத்துவமனைகளில் இதை அளந்து பார்த்தார்கள். ஆய்வு 2007இல் வெளியாயிற்று. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்து, ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய வார்டுகளில் 40 முறை மாறிற்று. புதிய பாணிக் கட்டிடங்களில், ஜன்னல் திறந்திருந்தும், 17 முறைதான். இயந்திரத்தால் காற்றோட்டம் செய்யப்பட்ட தனிமை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 12 முறை.

பிறகு, சிகிச்சை தொடங்காத காசநோயாளிகளோடு ஒருவர் 24 மணி நேரம் இருந்தால் தொற்று வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு கணித முறையால் மதிப்பிட்டார்கள். இயந்திரக் காற்றோட்ட அறையில் நூற்றுக்கு 39 பேர். புதிய பாணிக் கட்டிடத்தில் 33 பேர். பழைய வார்டில் 11 பேர். மிகவும் செலவு பிடித்த அறையில் ஆபத்து அதிகமாகவும், நாம் இடிக்க நினைக்கும் வகையான வார்டில் குறைவாகவும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இது புதிய ஞானமும் அல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலிலேயே, வார்டின் இருபுறமும் எதிரெதிர் ஜன்னல் வேண்டும், நோயாளிகளை நெருக்கி வைக்கக் கூடாது என்று வற்புறுத்தினார். பழைய மிஷன் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அந்த அமைப்பை இன்றும் காணலாம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும், இயற்கைக் காற்றோட்டத்தால் இயங்கும் பொது வார்டில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும், காற்றில் பரவும் நோய் உள்ளவர்களின் அறையில் 160 லிட்டர் வேண்டும் என்று கூறிற்று. 2020இல் கொரோனா வந்தபோது, உலகமே மறுபடி ஜன்னலைத் திறக்கக் கற்றுக்கொண்டது.

இதனால் எல்லா இடத்திலும் ஜன்னல் போதும் என்று சொல்ல வரவில்லை. அறுவை சிகிச்சை அரங்குக்கு வடிகட்டிய காற்றும் கட்டுப்பாடான குளிரும் அவசியம். சிசு தீவிர சிகிச்சைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அப்படியே. ஜன்னல் வழியே காற்றோடு கொசுவும் வரும், ஆகவே வலை வேண்டும். வலையில் தூசி படிந்தால் காற்று வராது, ஆகவே அதைக் கழுவ ஆள் வேண்டும். மார்கழிக் குளிரில் நோயாளியே ஜன்னலைச் சாத்திவிடுவார். இவற்றையெல்லாம் கவனித்தால்தான் பலன். குளிர்சாதனம் எங்கே உயிர் காக்கிறதோ அங்கே அதை வைப்போம். எங்கே உயிருக்கு ஊறு செய்கிறதோ அங்கே வேண்டாம் என்போம்.

புதிதாகக் கட்டும்போதும் இந்த வழியில் கட்டலாம். ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் புட்டாரோ என்னும் மலைக் கிராமப் பகுதியில் 2011இல் திறக்கப்பட்ட மருத்துவமனையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் இடத்தையும் நடைபாதையையும் கட்டிடத்துக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் வைத்தார்கள். வார்டின் நடுவே குட்டையான சுவர் எழுப்பி, கட்டில்களின் தலைமாட்டை அதில் சேர்த்தார்கள். அதனால் ஒவ்வொரு நோயாளியும் ஜன்னலை நோக்கிப் படுக்கிறார். சுவர்களை, அந்த வட்டாரத்து உழவர்கள் வயலுக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கிய எரிமலைக் கற்களால் கட்டினார்கள். அவ்வூர் மக்களே கல் வேலை கற்றுக் கட்டினார்கள். கட்டிடத்துக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு கூலியாக அந்த ஊரிலேயே தங்கிற்று.

தொழுநோய் இல்லங்களிலிருந்து வந்த பாடம்

சுவரையும் கூரையையும் சிக்கனமாகக் கட்டுவதில் நம் நாட்டுக்கு வழிகாட்டியவர் ஒருவர், ஊழியத்தின் வழியாகவே இங்கு வந்தவர். லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, மருத்துவ உதவிப் படையோடு சீனாவுக்குப் போனார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். 1945இல் தொழுநோய் மிஷனின் கட்டிடக் கலைஞராக இந்தியாவுக்கு வந்தார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய இல்லங்களைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளாக மாற்றுவது. தான் படித்த படிப்பு இங்கே உதவாது என்று அவர் விரைவில் கண்டுகொண்டார். மண், செம்பாறைக்கல், கரையான், பருவமழை ஆகிய எதைப் பற்றியும் பர்மிங்காமில் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே ஊர்க் கொத்தனார்களிடமும் பழைய வீடுகளிடமும் பாடம் கேட்டார். கட்டிடத்துக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மருத்துவரான தம் மனைவி எலிசபெத்தோடு இமயமலைப் பகுதியில் பிதோராகட்டில் பல ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினார். பின்பு கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்தில் ஏழைகளின் வீடுகள் முதல் கல்வி நிலையங்கள் வரை கட்டினார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2007இல் காலமானார். திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சுருள்போல் ஏறும் செங்கல் காபி ஹவுஸைப் பார்த்தவர்கள் அவர் கைவேலையைப் பார்த்தவர்களே.

அவர் பரவலாக்கிய முறைகளில் இரண்டை மட்டும் விளக்குகிறோம்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவோம். இந்த முறையில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து, சுவரின் நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். சுவரின் அகலம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. கலவையும் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுப்பதால் அறையும் குளிர்ச்சியாக இருக்கிறது. இரண்டாவது, கூரையில் ஓடு பதித்த கான்கிரீட். தளத்தின் மேல்பாதிதான் அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி மட்டுமே. அங்கே கம்பிகளுக்கு இடையில் உள்ள கான்கிரீட் பெரும்பாலும் இடத்தை நிரப்பத்தான் இருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டால், சிமெண்டும் மிச்சம், தளத்தின் எடையும் குறைவு.

சிமெண்டை ஏன் மிச்சப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1,450 டிகிரியில் சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவை வெளிவிடுவது மறுபக்கம். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. கோடை ஆண்டுக்காண்டு கடுமையாவதற்கும் வார்டில் குழந்தை வாடுவதற்கும் நாம் கட்டும் முறைக்கும் தொடர்பு உண்டு.

இந்த முறைகளுக்கும் வரம்பு உண்டு. எலிப்பொறிக் கட்டுக்குக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும், மேற்பார்வை வேண்டும். தளத்தில் ஓடு வைப்பதற்குப் பொறியாளரின் கணக்கு வேண்டும். பூசாத செங்கல் சுவர் பார்க்க அழகுதான், ஆனால் வார்டுக்குள் கழுவித் துடைக்கத்தக்க சுவர் வேண்டியிருப்பதால் உட்புறம் பூச வேண்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கனம் ஒன்று உண்டு. ஏற்கெனவே நிற்கும் நல்ல சுவரை இடிக்காமல் இருப்பதே அது. அதன் செங்கல் எப்போதோ சுட்டு முடித்தது. அதற்குக் கூலியும் எப்போதோ கொடுத்தாயிற்று.

தண்ணீரும் மின்சாரமும்

கூரை மீது விழும் மழைக்குக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் 74,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிந்தியது சிதறியது போக ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தாலும் 59,000 லிட்டர் வரும். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழி தோண்டியவர்கள் அநேகர், ஆண்டுதோறும் அதைத் தூர் எடுத்தவர்கள் சிலர். நாங்களும் சில ஆண்டுகள் அந்த முதல் கூட்டத்தில்தான் இருந்தோம்.

பயன்படுத்திய தண்ணீரையும் வீணாக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அருகே தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் 2003 முதல் கழிவுநீரை எளிய முறையில் சுத்திகரித்து வருகிறார்கள். முதலில் கசடு தொட்டியில் தங்குகிறது. பின்பு காற்றுப் படாத அறைகளில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அடுத்து, செடிகள் நட்ட ஜல்லிப் படுகையில் தண்ணீர் ஊறிச் சென்று குளத்தில் சேர்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 300 கன மீட்டர் கழிவுநீரைத் தாங்கும் அமைப்பு அது. தெளிந்த நீர் தோட்டத்துக்குப் பயன்படுகிறது. மின்சாரத்தை நம்பி ஓடும் பெரிய இயந்திரங்கள் இல்லாததால், பழுதாகி நிற்கும் பயமும் குறைவு.

மின்சாரத்தில் சிறு மாற்றமும் பெரிய தொகையாகும். பழைய மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். இப்போது கிடைக்கும் சிக்கன மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் ஓடும். வார்டுகளில் 30 மின்விசிறிகள் நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மாற்றினால் நாளுக்கு 27 யூனிட், ஆண்டுக்கு 9,800 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒவ்வொரு மாதமும் மின்வாரியத்துக்குப் போகும் அந்தத் தொகை, கட்டணம் செலுத்த இயலாத நோயாளிக்கு மருந்தாகலாம்.

பெயர்ப் பலகை இல்லாத காணிக்கை

கட்டிடங்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. பறவை எச்சத்தில் வந்த ஓர் ஆலம் விதை, கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைக்கிறது. முதல் ஆண்டில் இரண்டு விரலால் பிடுங்கி எறியலாம், செலவில்லை. மூன்றாம் ஆண்டில் வேர் சுவருக்குள் இறங்கியிருக்கும். ஐந்தாம் ஆண்டில் சுவரையே பிரிக்க வேண்டும். கான்கிரீட்டும் இப்படித்தான். மழைநீர் தேங்கி, மயிரிழை வெடிப்பின் வழியே கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே தள்ளிப் பெயர்க்கிறது. சன்ஷேடின் அடியில் பழுப்புக் கறை தெரிந்தபோதே கவனித்தால் சிறு வேலை. கம்பி வெளியே தெரியும்போது பெரிய வேலை.

ஆகையால் நாங்கள் இப்போது கட்டிடங்களுக்கும் நோயாளிக்கு வைப்பதுபோல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் கூரை ஓடுகளையும் வெள்ளைப் பூச்சையும் பார்க்கிறோம். ஐப்பசி அடைமழைக்கு முன் தூம்புகளிலும் மழைநீர்க் குழாய்களிலும் சருகு அள்ளுகிறோம், முளைத்த செடிகளைப் பிடுங்குகிறோம். மழை நின்றபின் எந்தச் சுவரில் ஈரம் தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறோம். மாதந்தோறும் தண்ணீர், மின்சார அளவுகளை எழுதிப் பார்க்கிறோம். ஒரு மாதம் அளவு திடீரென ஏறினால், எங்கோ பூமிக்குள் குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள்.

இந்த வேலைகளுக்குத்தான் பணம் கேட்பது கடினம். புதிய வார்டுக்குக் காணிக்கை தருகிறவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். சருகு அள்ளிய தூம்பில் யார் பெயரை எழுதுவது? இந்த ஆண்டு ஒரு குடும்பத்தார் தங்கள் தாயாரின் நினைவாகப் புதிய மாடி ஒன்று கட்டித்தர முன்வந்தார்கள். நாங்கள் இதே விஷயங்களை அவர்களிடம் சொல்லி, பழைய வார்டைப் பழுதுபார்க்கத் தர முடியுமா என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டோம். அவர்கள் வருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் நேரில் வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு கட்டிடங்களிலும் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். மூத்த மகன், தம் தாயார் கடைசி நாட்களில் ஜன்னலோரக் கட்டிலைத்தான் கேட்டார் என்று சொன்னார். அதற்குமேல் நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் காணிக்கையில் ஒரு பகுதியால் உளுத்த கைமரங்களையும் உடைந்த ஓடுகளையும் மாற்றுகிறோம், ஜன்னல்களுக்குப் புது வலை அடிக்கிறோம். மறுபகுதியை வங்கியில் பராமரிப்பு நிதியாக வைத்து, அதன் வட்டியை ஆண்டுதோறும் அந்த வார்டின் பராமரிப்புக்கு மட்டும் செலவிட நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. சுவர்களைப் பொறியாளர் சோதித்து, அவை உறுதியாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பங்காளர்களே, உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். புதிய கட்டிடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிரசவப் பிரிவுக்கு நிச்சயம் ஒரு நாள் நல்ல கட்டிடம் தேவைப்படும். அதற்கு நீங்கள் காணிக்கை அனுப்பும்போது, அதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று குறித்து அனுப்புங்கள். வரைபடம் ஆயத்தமாகும்போது அதைப் பார்க்க வாருங்கள். எத்தனை படுக்கை என்று மட்டும் கேளாமல், காற்று எந்தப் பக்கம் வரும், வெயில் எந்தச் சுவரில் விழும், மழைநீர் எங்கே போகும், மாதச் செலவு எவ்வளவு என்றும் எங்களைக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் நாங்கள் கவனமாக இருப்போம். உக்கிராணத்துவம் என்பது இரு தரத்தாருக்கும் உரியது அல்லவா?

உங்கள் சபை வாலிபர்களில் கட்டிட வேலையோ மின் வேலையோ தெரிந்தவர்கள், ஐப்பசிக்கு முன் ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு கூரை ஏறினால் அதையும் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். மதிய உணவு எங்கள் சமையற்கூடத்தில். ஏணியும் இருக்கிறது.

ஊழியத்தில் உங்கள் உடன் பங்காளர்கள்,
மருத்துவமனை நிர்வாகக் குழுவினர்